எல்லையோரத்தில் பிள்ளை வளர்க்கிறோம்: குடியைப் பற்றி வீட்டில் எப்படி முடிவெடுப்பது

எங்கள் வீடு கேரளத்தில், பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். நான் பிறந்தது பொள்ளாச்சிக்குப் பக்கத்தில், கல்யாணமாகி எல்லை தாண்டி இங்கே வந்தவள். திண்ணையில் உட்கார்ந்தால் எதிரே எங்கள் தென்னந்தோப்பு தெரியும், அதில் நாற்பது மரத்தைக் கள்ளு இறக்க விட்டிருக்கிறோம். காலையிலும் சாயந்திரமும் கள்ளு இறக்குகிற செத்துகாரர் மரமேறிப் பாளையைத் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டேதான் என் இரண்டு பிள்ளைகளும் வளர்ந்தார்கள். பையனுக்கு இப்போது 17, பெண்ணுக்கு 13.

போன வருடம் பையனின் பிளஸ் ஒன் பரீட்சை முடிந்த அன்று ராத்திரி பத்தே முக்காலுக்கு அவன் போனிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவன் இல்லை, கூடப் படிக்கிற பையன். "அம்மா, இவன் எந்திரிக்க மாட்டேங்கிறான்." நானும் வீட்டுக்காரரும் ஸ்கூட்டரில் போனபோது வாய்க்கால் கரையில் மல்லாந்து கிடந்தான், சட்டையெல்லாம் வாந்தி, ஒரு செருப்பு காலில், இன்னொன்று தண்ணீரில். கள்ளோடு பிராந்தியைக் கலந்து குடித்திருக்கிறார்கள். அந்தப் பையன் அழுதுகொண்டே சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "ஒன்பது மணிக்கே கூப்பிடலாம்னு சொன்னேம்மா. அப்பா கொன்னுருவாருன்னு இவன்தான் வேண்டாம்னான்."

ஒன்பதிலிருந்து பத்தே முக்கால் வரை. அந்த இடைவெளியில் வாந்தி மூச்சுக்குழாயில் போயிருந்தால் இன்றைக்கு நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். குடிக்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். கஷ்டம் வந்தால் எங்களைக் கூப்பிடலாம் என்பதுதான் தெரியாது. அதை நாங்கள் சொல்லியே கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் பேசி, சண்டை போட்டு, டாக்டரைக் கேட்டு, படித்துப் பார்த்துச் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். நம்மைப் போல எல்லையோரத்தில் இருக்கிறவர்களுக்கு, இந்தப் பக்கம் கள்ளுக்கடை, அந்தப் பக்கம் டாஸ்மாக் என்று நடுவில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு, உதவும் என்று நம்புகிறேன்.

முதல் படி: பிள்ளையிடம் போவதற்கு முன் நீங்கள் இருவரும் பேசுங்கள்

இதைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறோம். அம்மா ஒன்று சொல்வாள், அப்பா சிரித்துக்கொண்டே வேறொன்று சொல்வார், பிள்ளை தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்ளும். பிள்ளைக்கு 11, 12 வயது ஆகும்போதே, பிரச்சினை எதுவும் இல்லாத ஒரு நாளில், இருவரும் உட்கார்ந்து நாலு விஷயத்தைத் தீர்மானியுங்கள். எத்தனை வயது வரை கூடவே கூடாது? விசேஷத்தில் யாராவது ஒரு வாய் கொடுத்தால் என்ன செய்வது? குடித்துவிட்டு வந்தால் அன்றைக்கு என்ன, மறுநாள் என்ன? நம் வீட்டில் குடிப்பவர் இருந்தால் அவர் எதை மாற்றிக்கொள்ளப் போகிறார்?

எங்களுக்குள் பெரிய சண்டையே ஒரு இடத்தில்தான் வந்தது. அவர் சொன்னார், "வெளியே திருட்டுத்தனமா குடிக்கிறதுக்கு வீட்டுல நம்ம கண்ணு முன்னால கொஞ்சமா குடிச்சுப் பழகட்டும், அளவு தெரியும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கும், நிறைய அப்பாக்கள் சொல்வதும் இதுதான். ஆஸ்திரேலியாவில் இதையே ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். 1,927 பிள்ளைகளை ஆறு வருடம் தொடர்ந்து கவனித்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். பெற்றோரே கொடுத்த பிள்ளைகளுக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் வரவில்லை. ஒரேயடியாக நிறையக் குடிப்பதும் குடியால் வரும் தொல்லைகளும் அவர்களிடம் அதிகமாகவே இருந்தன, வெளியிலிருந்தும் வாங்கிக் குடிக்கும் வாய்ப்பும் கூடியிருந்தது. இதைப் படித்துக் காட்டிய பிறகுதான் அவர் இறங்கி வந்தார்.

இன்னொன்றும் சொன்னேன். அமெரிக்காவில் 1997இல் வந்த ஓர் ஆய்வில், 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள், 20 வயதுக்கு மேல் தொடங்கியவர்களில் அது சுமார் 10 சதவீதம்தான். சீக்கிரம் தொடங்கியது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது, அப்படிப்பட்ட வீடுகளில் வேறு கஷ்டங்களும் இருந்திருக்கலாம். ஆனாலும் முடிவெடுக்கிற, ஆசையை அடக்குகிற மூளைப் பகுதி இருபதுகளின் நடுவரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. எவ்வளவு தள்ளிப் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. சட்டப்படியான வயது வரை எங்கள் கையாலும் இல்லை, எங்கள் வீட்டிலும் இல்லை என்று முடிவு செய்தோம். பையனுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதி.

இரண்டாவது: சட்டம் என்ன சொல்கிறது

சுருக்கமாகச் சொல்கிறேன். கேரளத்தில் மது வாங்கவும் குடிக்கவும் 23 வயது ஆக வேண்டும், முன்பு 21 ஆக இருந்ததை உயர்த்தினார்கள். தமிழ்நாட்டில் 21. கள்ளு தமிழ்நாட்டில் 1987 முதல் தடை, கேரளத்தில் உரிமம் பெற்ற கடையில் விற்கலாம். இங்கே மாதம் ஒன்றாம் தேதி கடை மூடினால் நம் ஆட்கள் எல்லையில் இருக்கிற கோபாலபுரம் தாண்டுவதும், அங்கே திருவள்ளுவர் தினத்துக்கு மூடினால் அவர்கள் இங்கே வருவதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. பிள்ளைகளும் இதைப் பார்த்துத்தான் "அந்தப் பக்கம் போனால் கிடைக்கும்" என்று கற்றுக்கொள்கிறார்கள்.

பெற்றோர் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். 18 வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு மது கொடுப்பவருக்கு 7 வருடம் வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு (77ஆம் பிரிவு). பிள்ளையை விட்டு மது விற்க வைத்தாலோ, எடுத்துக்கொண்டு வரவைத்தாலோ அதற்கும் அதே தண்டனை (78ஆம் பிரிவு). கல்யாண வீட்டில் "ஒரு வாய் குடிடா" என்று டம்ளரை நீட்டுகிற மாமாவுக்கு இதைச் சொல்லலாம். நான் சொல்லியிருக்கிறேன், அதற்கப்புறம் அவர் நீட்டியதில்லை.

வண்டி விஷயம் தனி. 18 ஆகாத பிள்ளை ஓட்டி விபத்தோ குற்றமோ ஆனால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ 3 வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு ஒரு வருடம் ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்சும் கிடையாது.

மூன்றாவது: எதில் எவ்வளவு இருக்கிறது

பிள்ளையிடம் பேசப் போகிறவருக்கு இது தெரியாவிட்டால், "பீர்தானேம்மா" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடும். ஒரு 'டிரிங்க்' என்று டாக்டர்கள் கணக்கு வைப்பது 10 கிராம் சுத்த ஆல்கஹால். ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி பிராந்தியில், 42.8 சதவீதம் என்றால் சுமார் 60 கிராம். அது ஆறு டிரிங்க். கட்டிங் அதில் பாதி, 30 கிராம். 650 மில்லி பீர் பாட்டிலில் 5 சதவீதம் என்றால் சுமார் 25 கிராம், 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் 41 கிராம். அதாவது ஒரு ஸ்ட்ராங் பீர் ஒரு கட்டிங்கைவிட அதிகம். இந்தக் கணக்கைப் பேப்பரில் எழுதிக் காட்டியபோது என் பையன் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டான், பீர் ஜூஸ் மாதிரி என்றுதான் நினைத்திருந்தான்.

வளர்ந்த ஆளின் ஈரலே ஒரு மணி நேரத்தில் 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். ஒரு குவார்ட்டர் இறங்க ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மோர், எலுமிச்சை, பழைய சோற்றுத் தண்ணீர், தலையில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவது, எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது.

அப்புறம் கள்ளு. "கள்ளு உடம்புக்குக் குளிர்ச்சி, சூட்டுக்கு நல்லது" என்று எங்கள் மாமனார் சொல்வார், அவர் காலத்தில் அப்படித்தான். பாளையிலிருந்து இறங்குகிறபோது அது இனிப்பான சாறுதான், கலயத்தில் இருக்கிற ஈஸ்ட்டால் அப்போதே புளிக்க ஆரம்பித்துவிடும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் புளிக்காமல் இறக்கினால் அது வேறு பானம், அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். புளித்த கள் போதையில் பீருக்குப் பக்கத்தில் வரும், நேரம் ஆக ஆக ஏறும். தோப்பில் இறங்குவது ஒன்று, டம்ளருக்கு வருவது இன்னொன்று என்பதும் இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். கள்ளில் மயக்க மருந்து கலந்து பிடிபட்ட வழக்குகள் கேரளத்தில் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன.

நான்காவது: வீட்டில் குடிக்கிறவர் இருந்தால்

எங்கள் வீட்டுக்காரர் சனிக்கிழமை குடிப்பார். நான் அதை மறைக்கப் போவதில்லை, பிள்ளைகளுக்கும் தெரியும். "நீங்க மட்டும் குடிக்கலாமா?" என்று பையன் கேட்டான். ஒருநாள் கட்டாயம் கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு அடிப்பதோ "நீ பெரியவனானா தெரியும்" என்பதோ பதில் ஆகாது. அவர் நாலு நாள் யோசித்துவிட்டுச் சொன்னது இதுதான்: "நான் 22 வயசுல ஆரம்பிச்சேன் சாமி, நிறுத்தணும்னு ரெண்டு தடவை பார்த்தேன், முடியல. உனக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம்." பையன் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அப்பாவை முதல்முறையாக நேராகப் பார்த்தான் என்று எனக்குத் தோன்றியது.

குடியை உடனே விட முடியாத அப்பாக்கள்கூட இன்றைக்கே செய்யக் கூடியவை இருக்கின்றன. சோடா வாங்கி வா, மிக்சர் எடுத்து வா, டம்ளர் கழுவு என்று பிள்ளையை ஏவாதீர்கள். பாட்டில் வாங்கிவரச் சொல்லவே கூடாது, மேலே சொன்ன 78ஆம் பிரிவு அதற்குத்தான். பாட்டில் பூட்டிய இடத்தில் இருக்கட்டும், எவ்வளவு இருக்கிறது என்று கோடு போட்டு வையுங்கள். குடித்துவிட்டு வண்டி எடுக்காதீர்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் போனால் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்பது ஒரு பக்கம், பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது இன்னொரு பக்கம். "இன்னிக்கு ஒரே டென்ஷன், ஒரு கட்டிங் போட்டாத்தான் சரியாகும்" என்று பிள்ளை காதில் விழச் சொல்வதையும் விடுங்கள், கஷ்டம் வந்தால் குடிக்க வேண்டும் என்று பிள்ளை கற்றுக்கொள்வது அங்கேதான்.

தாத்தா பாட்டியிடம் மரியாதையோடு சொல்லிவிட வேண்டும். மாமனாரிடம் நான் நேராகச் சொல்லவில்லை, வீட்டுக்காரரை விட்டுச் சொல்ல வைத்தேன். "அப்பா, பசங்களுக்குக் கள்ளு வேண்டாம், ஒரு சொட்டும் வேண்டாம்." ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், அப்புறம் சரியாகிவிட்டது.

உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: உடம்புக்குக் கெடுதல் இல்லாத அளவு என்று மதுவில் எதுவுமே கிடையாது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் முதல் வகுப்பில் மதுவை 1988இலேயே சேர்த்துவிட்டார்கள். "அளவோடு குடிச்சா மருந்து" என்று வீட்டில் யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

ஐந்தாவது: பேச்சை எப்படி ஆரம்பிப்பது

நாற்காலி போட்டு உட்கார வைத்து "உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்றால் பிள்ளை கதவை மூடிக்கொள்ளும். எனக்குச் சரியாக வந்தது வண்டியில் போகும்போதும் சமையலறையில் காய் நறுக்கும்போதும் பேசியதுதான், முகம் பார்க்க வேண்டியிருக்காது. ஓணம் வந்தால் இத்தனை கோடிக்கு மது விற்றது என்று டிவியில் செய்தி வரும். "இவ்வளவு குடிக்கிறாங்களே, ஏன்னு நினைக்கிற?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் ஆனாலும் அவன் பேசட்டும். "உன் கிளாஸ்ல யாராவது குடிப்பாங்களா?" என்று கேட்டால் நண்பனைக் காட்டிக்கொடுக்க மாட்டான். "உங்க வயசுப் பசங்களுக்குக் குடிக்கச் சொல்லித் தொந்தரவு வருமா?" என்று கேட்டால் பேசுவான்.

வயதுக்கேற்ற மாதிரி பேச்சும் மாற வேண்டும். 11, 12இல் உடம்பைப் பற்றியும் நம் வீட்டு விதியைப் பற்றியும். 14, 15இல் நண்பர்கள் கொடுத்தால் என்ன சொல்லித் தப்பிப்பது என்று. எங்கள் பையனுக்கு நானே ஒரு சாக்கு சொல்லிக் கொடுத்திருக்கிறேன், "எங்கம்மா வாயை மோந்து பார்ப்பாங்கடா, தோலை உரிச்சிடுவாங்க" என்று சொல்லிக்கொள், பழியெல்லாம் என் மேல் போடு என்று. நண்பர்கள் மத்தியில் அவன் மானமும் போகாது, குடிக்காமலும் இருக்கலாம். 16க்கு மேல் போனால் மேலே சொன்ன கிராம் கணக்கு, கலந்து குடித்தால் என்ன ஆகும், யாராவது மயங்கினால் என்ன செய்வது, எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். அப்படிப் பேசினால் அனுமதி கொடுத்தது போல ஆகிவிடும் என்று பயப்படாதீர்கள். என் பையன் அன்றைக்கு மல்லாந்து கிடந்தது, குடித்தவனை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும் என்று அங்கே இருந்த நாலு பேருக்கும் தெரியாததால்தான்.

பெண் பிள்ளையிடம் "நீ குடிக்கவே மாட்டே" என்று நாமே முடிவு செய்துகொண்டு பேசாமல் இருந்துவிடுகிறோம். அது தப்பு. அவளுக்கும் எல்லாம் சொல்லுங்கள், கூடவே இதையும்: உன் டம்ளரை விட்டுவிட்டு எழுந்து போனால் திரும்பி வந்து அதைக் குடிக்காதே, கூட வந்த தோழிக்குத் தலை சுற்றினால் அவளைத் தனியாக விடாதே.

ஆறாவது: விதிகள், அதிலும் ராத்திரி போன்

விதி குறைவாக இருந்தால்தான் நிற்கும். எங்கள் வீட்டில் நாலுதான். 18 ஆகி லைசென்ஸ் எடுக்கும் வரை பைக் கிடையாது. ராத்திரி நண்பன் வீட்டில் தங்க வேண்டுமானால் அந்த வீட்டு அம்மாவிடம் நான் பேசிய பிறகுதான். செலவுக்குக் கொடுக்கிற காசுக்குக் கணக்கு உண்டு, பைசாக் கணக்கு இல்லை, பொதுவான கணக்கு. நாலாவது, போன்.

இந்த நாலாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நீ குடித்திருந்தாலும் சரி, கூட வந்தவன் குடித்துவிட்டு வண்டி ஓட்டப் போகிறான் என்றாலும் சரி, எந்த நேரமானாலும் கூப்பிடு. அப்பாவோ நானோ வருவோம். வருகிற வழியில் ஒரு கேள்வி கேட்க மாட்டோம், அன்றைக்கு ராத்திரி திட்டோ அடியோ கிடையாது. மறுநாள் பேசுவோம், மறுநாள் தண்டனையும் உண்டு. இதை அவர் வாயாலேயே சொல்ல வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன், ஏனென்றால் அவன் பயந்தது அவருக்குத்தான். சொன்னார். சொன்னதோடு விடாமல் அவனுடைய நாலு நண்பர்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, "உங்களுக்கும்தான், உங்க வீட்டுல பயமா இருந்தா எனக்குக் கூப்பிடுங்க" என்று நம்பரையும் கொடுத்தார். அவருடைய அப்பா அவரிடம் அப்படிப் பேசியதே இல்லை. அவருக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எனக்குத் தெரியும்.

கூப்பிட்டபோது வாக்கை மீறி ஒரு தடவை கத்திவிட்டால் போதும், அடுத்த தடவை அழைப்பு வராது. வண்டியில் வரும்போது வாயைக் கட்டிக்கொள்ளத்தான் வேண்டும்.

மற்ற பெற்றோரோடும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. ஐஸ்லாந்தில் 15, 16 வயதுப் பிள்ளைகளில் முந்தைய மாதத்தில் போதையாகும் அளவு குடித்தவர்கள் 1998இல் 42 சதவீதம் இருந்தார்கள். 2016இல் அது 5 சதவீதம். பெற்றோர்கள் சேர்ந்து ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள், ராத்திரி இத்தனை மணிக்கு மேல் பிள்ளைகள் வெளியே இல்லை என்று வைத்தார்கள், விளையாட்டுக்கும் பாட்டுக்கும் அரசாங்கமே பணம் கொடுத்தது, பெற்றோர் பிள்ளைகளோடு செலவிடும் நேரத்தைக் கூட்டினார்கள். நமக்கு அவ்வளவு வசதி இல்லை. ஆனால் ஒரே தெருவில் ஐந்து வீட்டு அம்மாக்கள் பேசிக்கொள்ளலாம், சாயந்திரம் வாலிபால் வலை கட்ட ஒரு இடம் ஒதுக்கலாம். நாங்கள் தோப்பு ஓரத்தில் ஒதுக்கியிருக்கிறோம்.

ஏழாவது: அந்த ராத்திரி

இதை இப்போதே படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டியும் கிள்ளியும் எழுப்ப முடியவில்லை, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவு அல்லது ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் பத்து விநாடிக்கு மேல் இடைவெளி, உதடோ நகமோ நீலம், உடம்பு சில்லென்று இருக்கிறது, வலிப்பு, மயக்கத்திலேயே வாந்தி. இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108. கேரளம், தமிழ்நாடு இரண்டிலும் அதே நம்பர்தான். எல்லாம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். குடித்து முடித்த பிறகும் வயிற்றில் இருப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும், "தூங்கினா சரியாகும்" என்று விட்டு நிறையப் பிள்ளைகள் போயிருக்கிறார்கள்.

வண்டி வரும் வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மேல் கால் முட்டியை மடித்து முன்னால் கொண்டுவந்தால் உருளாது, தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து வாய் தரையைப் பார்க்கிற மாதிரி. பக்கத்திலேயே இருங்கள். போர்வை போர்த்துங்கள். விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மயக்கத்தில் இருக்கிறவர் வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள், நடக்க வைக்காதீர்கள், குளிக்க வைக்காதீர்கள். சின்ன வயதில் மதுவால் ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கலாம், ஆஸ்பத்திரியில் அதையும் பார்ப்பார்கள். என்ன குடித்தான், எவ்வளவு, மாத்திரை ஏதாவது சேர்த்தானா என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பாட்டில் கிடைத்தால் எடுத்துப் போங்கள். 77ஆம் பிரிவு தண்டிப்பது பிள்ளைக்குக் கொடுத்தவரைத்தான், குடித்த பிள்ளையை இல்லை. போலீசுக்குப் பயந்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள்.

லேபிள் இல்லாத சரக்கு, யாரோ காய்ச்சியது என்றால், பிள்ளை எழுந்து நடமாடினாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மெத்தனால் கலந்திருந்தால் முதலில் ஒன்றும் தெரியாது, 12 மணி நேரமோ ஒரு நாளோ கழித்துத்தான் கண் மங்கும், வயிறு வலிக்கும், மூச்சு வாங்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தது மெத்தனாலால்தான். சீக்கிரம் போனால் மாற்று மருந்து இருக்கிறது, டயாலிசிஸ் இருக்கிறது. தாமதமானால் உயிர் மிஞ்சினாலும் பார்வை போகலாம்.

எட்டாவது: மறுநாள்

காலையில் எழுந்ததும் ஆரம்பிக்காதீர்கள். சாப்பிடட்டும், தலைவலி போகட்டும். எங்கள் வீட்டில் மறுநாள் சாயந்திரம் நாலு மணிக்குப் பேசினோம், நாங்கள் மூன்று பேர் மட்டும், பெண்ணைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு. முதலில் என்ன நடந்தது என்று அவன் சொல்லட்டும் என்று விட்டோம். யார் வாங்கிக் கொடுத்தது என்று அவர் துருவ ஆரம்பித்தார், நான் காலை மிதித்தேன். அது பிறகு வேறு வழியில் தெரிந்தது, வளர்ந்த ஆள் ஒருவர்தான், அந்த ஆளிடம் வீட்டுக்காரரே போய்ப் பேசிக்கொண்டார்.

தண்டனை சின்னதாக, முடிகிற தேதியோடு இருக்க வேண்டும். மூன்று வாரம் சாயந்திரம் ஆறுக்குமேல் வெளியே இல்லை, அவ்வளவுதான். போனைப் பிடுங்கவில்லை, ஏனென்றால் எங்கள் விதியே போனில்தான் இருக்கிறது. சொந்தக்காரர்கள் முன்னால் வைத்துத் திட்டக் கூடாது, அடிக்கக் கூடாது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி மானத்தை வாங்கினால் பிள்ளை வீட்டை வெறுக்கும், குடியை வெறுக்காது.

ஒன்பதாவது: ஒரு தடவையோடு நிற்கவில்லை என்றால்

பரீட்சை முடிந்து ஒருநாள் குடித்ததும் பழக்கமானதும் வேறு வேறு. வீட்டில் காசு காணாமல் போகிறது, பழைய நண்பர்கள் வருவதில்லை, புது ஆட்கள் வாசலுக்கு வராமல் தெருமுனையில் நின்று கூப்பிடுகிறார்கள், தனியாகக் குடிக்கிறான், பகலில் குடிக்கிறான், தூக்கமும் சாப்பாடும் மாறிவிட்டது, கை நடுங்குகிறது. இப்படி இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் வீட்டு வைத்தியம் போதாது. பல பிள்ளைகள் மனச்சோர்வாலும் பயத்தாலும் குடிக்கிறார்கள், அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாவட்ட ஆஸ்பத்திரியிலும் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. கேரளத்தில் விமுக்தி என்ற போதை ஒழிப்புத் திட்டத்தின் கீழ் சிகிச்சை மையங்கள் இருக்கின்றன. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசலாம், தமிழிலும் மலையாளத்திலும் பேசுகிறார்கள், காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள். பிள்ளையே கூப்பிட, குழந்தைகள் உதவி எண் 1098.

இரண்டு விஷயம் செய்யவே செய்யாதீர்கள். தினமும் நிறையக் குடித்துக்கொண்டிருந்தவனை அறையில் பூட்டி ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள், வலிப்பு வரும், டாக்டர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். "அவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று விளம்பரம் செய்கிற மருந்தை வாங்காதீர்கள். அப்படி விற்கிற சிலவற்றில் குடியோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் இறங்கி நெஞ்சைப் பிடிக்கிற மருந்து இருக்கலாம். எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ரசத்தில் கலந்து கொடுத்துவிட்டு, அப்புறம் குடித்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

பத்தாவது: அடுத்த பிள்ளை

பையனோடு முடிந்துவிட்டது என்று இருந்தபோது போன மாதம் என் பெண் தோப்பில் நின்று கேட்டாள். கள்ளு இறக்குவதற்காக மரத்தில் எழுதியிருக்கிற நம்பரைக் காட்டி, "அம்மா, குடிக்கக் கூடாதுங்கறீங்க, நம்ம மரத்துலதானே கள்ளு இறக்குறாங்க, அந்தக் காசுலதானே எனக்கு ஃபீஸ் கட்டுறீங்க?" மேலே செத்துகாரர் பாளை தட்டிக்கொண்டிருந்தார், அவருக்கும் கேட்டிருக்கும். அவருக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், அவருடைய சோறும் அந்தக் கலயத்தில்தான் இருக்கிறது. நான் பொய் சொல்லவில்லை. "ஆமா கண்ணு, அந்தக் காசுதான். தேங்காய்க்கு விலை இல்லாத வருஷம் மரத்தை விட்டோம், அப்புறம் மாத்தவே இல்லை. எனக்கும் அது சங்கடமாத்தான் இருக்குது" என்று சொன்னேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை, நானும் விளக்கவில்லை. ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னேன். வீட்டுப் பக்கம் இருக்கிற பதினைந்து மரத்தை அடுத்த ஒப்பந்தத்தில் சேர்ப்பதில்லை, காய்க்கு விடுவது என்று பேசியிருக்கிறோம். மீதி இருபத்தைந்துக்கு என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை.